வெட்டாத சீவரம்

சின்ன ஹாமுதுருவின் சுட்டுவிரல், பிக்குகள் உடுத்தும் சீவரத்தின் தையலுக்குள் நுழைந்தது. வயல் வரப்புக்குள் எலி ஓடுகிற மாதிரி ஒரு முழத் தூரம் உள்ளேயே ஓடி, மறுமுனையில் வெளியே வந்தது.

அவர் துணியைப் புரட்டினார். பக்கத்துத் தையலுக்குள் விரலை விட்டார். அங்கேயும் ஓடியது. மூன்றாவதிலும் ஓடியது.

“மாஸ்டர், இங்கே வாருங்கள்” என்றார். நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் மாஸ்டர் இல்லை. அளவுக்கு மேல் பேசுகிறேன் என்று அவராக எனக்கு வைத்த பெயர் அது. “உங்கள் வாப்பா இதை வெட்டவேயில்லை.”

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அப்பால், மலைச்சரிவில் ஒரு சிறிய விகாரை. மத்தியானம் திரும்பி அரை மணி ஆகியிருக்கும். முற்றத்தில் பெரிய பானையில் சாயத்துக்காகப் பலாக்கட்டைச் சீவல் கொதித்துக்கொண்டிருந்தது. பழுத்த பழத்துக்கும் நனைந்த மரத்துக்கும் நடுவில் ஒரு மணம். பானையைத் துழாவிக்கொண்டிருந்தவர் தின்கிரி மெனிக்கே என்ற கிழவி. சீவரம் கொடுக்கிற புண்ணியம் அவருடையது. தைத்தவர் என் வாப்பா. அவர் வேலிக்கு வெளியே பாக்கு மரத்தடியில் லுஹர் தொழுதுகொண்டிருந்தார்.

மண்டபத்தில் ஊர் ஜனம் வெற்றிலை போட்டுக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. அந்த ஒரு துணியை ஒரே நாளுக்குள் வெட்டி, தைத்து, சாயம் போட்டுக் காயவைத்து முடிக்காவிட்டால், அந்த விகாரைக்கு அந்த வருஷம் முழுக்க அந்தப் புண்ணியம் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். துணி வெட்டப்படவில்லை என்பது தெரியாது.

எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு வாசகரின் கடிதம்

இதைத் தொடர்ந்து எழுதுமுன் மாத்தளை வாசகர் ஒருவருக்குப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. “பௌத்தம் படித்ததாக மூன்று வாரமாகப் பத்திரிகையில் எழுதுகிறீர். பௌத்தம் என்னவென்று ஒரு வரி எழுதக் காணோம். பாலம், ஆறு, வாப்பா என்று போகிறது” என்று கோபித்திருக்கிறார்.

ஐயா, ஒரு வரியில் எழுதுகிறேன். வாழ்வில் துக்கம் இருக்கிறது; துக்கத்துக்கு வேர் ஆசை; வேரை அறுத்தால் துக்கம் அறும்; அறுப்பதற்கு வழி ஒன்று உண்டு. முடிந்தது. இதை எழுதியதால் உமக்கு ஏதாவது விளங்கிற்றா? எனக்கும் விளங்கவில்லை. அதனால்தான் வாப்பாவைப் பற்றி எழுதுகிறேன்.

எட்டுப் பொருள்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். வாப்பா கையெழுத்துப் போடுவார். அதற்கு மேல் எழுத்து அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அளவெல்லாம் தலைக்குள் இருக்கும். இங்கிலீஷ் படித்து, கண்டியில் ஒரு புரொக்டரின் கந்தோரில், அதாவது வக்கீல் அலுவலகத்தில், நகல் எழுதும் வேலைக்கு நான் போனபோது, உலகத்தில் எனக்கு விளங்காதது ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன். பத்தொன்பது வயது.

நம்மைச் சுற்றிலும் விகாரை. காலையில் பிரித் சூத்திரம் ஓதுவது கேட்கிறது. பெரஹெரா ஊர்வலத்துக்கு நாமும் போய் யானை பார்க்கிறோம். ஆனால் அந்த மார்க்கம் என்ன சொல்கிறது என்று நம்மவரில் ஒருவருக்கும் தெரியாது. இது எனக்குப் பெரிய வெட்கமாகப் பட்டது. நானே படித்து, தமிழில் ஒரு சிறு நூல் எழுதிவிடுவது என்று முடிவெடுத்தேன். வாசகசாலையிலிருந்து இங்கிலீஷ் புத்தகங்களை எடுத்து வந்து ஒரு கொப்பி நிறையக் குறிப்பு எழுதினேன். சந்தேகம் கேட்க ஞாயிறுதோறும் விகாரைக்குப் போனேன்.

அங்கேதான் சின்ன ஹாமுதுருவிடம் மாட்டிக்கொண்டேன். ஹாமுதுரு என்றால் எங்கள் பக்கத்தில் பிக்கு. பெரிய ஹாமுதுருவுக்குக் கண் மங்கிவிட்டது, பேச்சும் குறைவு. சின்னவருக்கு என் வயதுதான். பெயர் சுமேத. பிடிவாதத்தில் என் வாப்பாவுக்கு உடன்பிறந்தவர் மாதிரி.

“நிர்வாணம் என்றால் என்ன?” என்று கேட்பேன்.

“அந்த வாளியை எடுத்துக் கொடுங்கள்” என்பார். கொடுப்பேன். பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, வெயிலில் கவிழ்த்து, சூடேறியதும் எடுத்து உள்ளே வைத்துவிட்டு வருவார். “ஈரத்தோடு வைத்தால் துருப்பிடிக்கும்” என்பார்.

“நிர்வாணம்?”

“அதுவா? எனக்கு எப்படித் தெரியும்? நான் இன்னும் அங்கே போகவில்லை.”

புத்தகம் எழுதுகிறவனுக்கு இது உதவுமா, சொல்லுங்கள்.

ஒரு நாள் எரிச்சலில், “போகட்டும், உங்களிடம் என்னென்ன சாமான் இருக்கிறது, அதையாவது சொல்லுங்கள்” என்றேன். விரலை மடக்கிச் சொன்னார். உடுப்பு மூன்று. பிச்சைப் பாத்திரம் ஒன்று. இடுப்புக் கயிறு. சவரக் கத்தி. தண்ணீர் வடிக்கிற துணி. ஊசி.

எட்டு. அவ்வளவுதான் ஒரு பிக்குவுக்குச் சொந்தம்.

அன்றிரவு சோற்றுக்கு இருக்கும்போது இதை வாப்பாவிடம் சொன்னேன். துக்கத்தின் மூலகாரணத்தைப் பற்றி அதுவரை நான் சொன்ன ஒன்றுக்கும் அவர் தலை நிமிர்ந்ததில்லை. “துக்கம் ஈக்கிது எண்டு தெரிய கிதாபு வேணுமா? கலியாண மாசத்துல கடைக்கு வா, காட்டித் தாறேன்” என்று ஒரே பேச்சில் முடித்திருந்தார். அன்று தலை நிமிர்ந்தார்.

“ஊசியா? ஹாமுதுருமாருக்கு ஊசி ஈக்கிதா?”

“ஓ, வாப்பா.”

“அப்ப மெய்யான ஆக்கள்தான்” என்று சொல்லிவிட்டு மீனில் முள் எடுக்கத் தொடங்கினார்.

மழைக்கால வாசம்

மழை மாதங்கள் மூன்றிலும் பிக்குகள் ஊர் ஊராகப் போகக்கூடாது. ஒரே இடத்தில் தங்கவேண்டும். வஸ் என்பார்கள். ஆதியில் மழைக்காலத்தில் நடந்து, முளைத்த பயிரையும் புழு பூச்சியையும் மிதித்துப் போட்டார்கள் என்று ஜனங்கள் குறை சொன்னார்களாம். அதனால் வந்த ஏற்பாடு. மூன்று மாதம் முடிந்ததும் அந்த விகாரைக்கு ஜனங்கள் ஒரு சீவரம் கொடுப்பார்கள். அதுதான் கட்டின. வருஷத்துக்கு ஒரு விகாரைக்கு ஒன்றே ஒன்று. விடியற்காலையில் வெள்ளைத் துணியைச் சங்கத்தின் கையில் கொடுக்கவேண்டும். மறுநாள் விடியுமுன் அது சீவரமாகிவிடவேண்டும். இல்லையென்றால் அது வெறும் துணி.

இந்தப் புண்ணியத்துக்கு அந்த ஊரில் முறை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் ஒரு குடும்பம். தின்கிரி மெனிக்கேயின் முறை வர எத்தனையோ வருஷம் ஆயிற்று. நடுவில் அவருடைய ஒரே மகன் காய்ச்சலில் இறந்துபோனான். புருஷனும் போய்விட்டார். மகன் பேருக்குப் புண்ணியம் சேர்க்க அவருக்கு இருந்தது அந்த ஒரு முறைதான். அடுத்த முறை வரும்போது தான் இருக்கப்போவதில்லை என்பதை, சந்தை விலை சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொல்வார்.

வைக்கோலுக்குள் மெஷின்

மெனிக்கே வாப்பாவைத் தேடித் தையற்கடைக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. எனக்கு நாலைந்து வயதில் முஸ்லிம்களுக்கு எதிராக ஒரு கலகம் நடந்தது. எங்கள் ஆட்களின் கடைகளை உடைத்தார்கள். அதிகம் எழுதப்போவதில்லை. அந்த இரண்டு நாளும் வாப்பாவின் தையல் மெஷின் மெனிக்கேயின் வைக்கோல் போருக்குள் இருந்தது. அவருடைய புருஷன் தலையில் தூக்கிக்கொண்டுபோய் மறைத்துவைத்தார். அதற்குப் பிறகு ஒரு வருஷம், வாப்பா தைத்த உடுப்பிலெல்லாம் எங்கேயாவது ஒரு வைக்கோல் தும்பு இருந்துகொண்டே இருந்தது.

வாப்பாவை அவர் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார். “நானா, அன்றைக்கு ஒரே நாளில் தைத்து முடிக்கவேண்டும். என்னால் ஊசி கோக்க முடியாது. விகாரையில் கையால் தைத்தால் மழைக்கு முன் முடியாது. உங்கள் மெஷின் வந்தால் முடியும்” என்றார் மெனிக்கே.

“மெஷினும் வாற. நானும் வாறேன்” என்றார் வாப்பா.

எப்படித் தைக்கவேண்டும் என்று மெனிக்கே சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். “அம்மா, நீங்கள் கவலைப்படாதீர்கள். எல்லாம் நான் படித்திருக்கிறேன். வாப்பாவுக்கு நான் விளக்குகிறேன்.”

இன்றைக்கும் அந்த வாக்கியம் நினைவுக்கு வந்தால் என்னை நானே அடிக்கவேண்டும்போல் இருக்கிறது.

நான் கொடுத்த விளக்கம்

அன்று மாலை கடையில் வாப்பா காற்சட்டை ஒன்றுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். நான் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு தொடங்கினேன்.

புத்தர் ஒரு முறை மகத நாட்டு வயல்களைப் பார்த்தார். பாத்தி பாத்தியாக, நடுவில் வரப்போடு, குறுக்கே சிறு வரப்போடு. “இந்த மாதிரி சீவரம் செய்ய முடியுமா?” என்று சீடர் ஆனந்தரைக் கேட்டார். அவர் செய்தார். அன்றிலிருந்து சீவரத்தை முழுத்துணியாகப் போடுவதில்லை. துண்டு துண்டாக வெட்டி, வயல் மாதிரி மூட்டுவார்கள். இவ்வளவும் சொன்னேன், சொல்லவில்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். ஆனால் இதைச் சொன்னது இரண்டு நிமிஷம். மிச்சம் அரை மணி அநித்தியம், அநாத்மம், பற்று அறுத்தல், வெட்டிய துணி எப்படி நான் எனது என்ற எண்ணத்தை வெட்டுகிறது என்று போனது. வாப்பா பொத்தானுக்கு ஒரு முறை தலையாட்டினார், எனக்கு ஒரு முறை தலையாட்டினார்.

தையற்காரரின் தலையாட்டலைப் பற்றி நான் அறிந்திருக்கவேண்டும். வாடிக்கைக்காரர் வந்து, “கொலர் இப்படி வேண்டும், பை அப்படி வேண்டும்” என்று பைத்தியக்காரத்தனமாகக் கேட்பார்கள். தையற்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். பிறகு அந்த ஆளுக்கு எது பொருந்துமோ அதைத் தைப்பார். வாங்கிப் போகிறவர், “நான் சொன்ன மாதிரியே இருக்கிறது” என்று சந்தோஷமாகப் போவார். இதுதான் தொழில். வாப்பா என்னையும் அப்படி ஒரு வாடிக்கைக்காரராக நடத்தியிருக்கிறார்.

ஒரே நிழல்

கட்டின நாள் விடியுமுன் மாட்டு வண்டியில் மெஷினையும் இஸ்திரிப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடந்தோம். ஆற்றின் மேல் பனி. சுவரோரமாக, தான மண்டபத்தின் விறாந்தையில் மெஷினை வைத்துக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்து விகாரைகளிலிருந்து மூன்று பிக்குகள் வந்திருந்தார்கள். கட்டினவுக்கு ஐந்து பேர் கூடினால்தான் சங்கம்.

மெனிக்கே துணியைத் தலையில் சுமந்து விகாரையை மூன்று முறை சுற்றிவந்து கொடுத்தார். ஜனம் “சாது, சாது” என்றது. பிக்குகள் தமக்குள் ஓதி முடித்ததும் துணி வாப்பாவிடம் வந்தது. அவர் அதை விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். நயமான துணி. அவர் முகத்தில் ஒரு வேதனை வந்து போனதைக் கண்டேன். அதன் அர்த்தம் அப்போது விளங்கவில்லை.

காலை முழுவதும் மெஷின் ஓடியது. நான் மண்டபத்தில் இருந்த இளைஞர்களுக்கு அவர்களுடைய மார்க்கத்தையே விளக்கிக்கொண்டிருந்தேன். அவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவன் தூங்கிப்போனான்.

முற்றத்தில் ஒரு தடி நட்டிருந்தது. பிக்குகள் மத்தியானம் திரும்பிய பிறகு ஒரு பருக்கை உண்ணமாட்டார்கள். மறுநாள் காலை வரை தண்ணீரும் பால் சேராத பிளேன்டீயும்தான். தடியின் நிழல் குறுகிக் குறுகி வந்ததும் சின்ன ஹாமுதுரு மற்றவர்களை அவசரப்படுத்தினார். நிழல் மறுபக்கம் சாயத் தொடங்கியதும் பாத்திரங்கள் மூடப்பட்டன. மெஷினில் இருந்தபடி வாப்பாவும் அதே தடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நிழல் சாய்ந்தால் லுஹருக்கு நேரம். ஒரே நிழல் அவர்களுக்குச் சோற்றை மூடியது. இவருக்குத் தொழுகையைத் திறந்தது. இதைக் கொப்பியில் எழுதவேண்டும் என்று நினைத்தேன்.

வாப்பா, “முடிஞ்சி. ஓரம் மட்டும்தான் பாக்கி” என்று எழுந்து போனார். சின்ன ஹாமுதுரு வந்து சீவரத்தைக் கையில் எடுத்தார். அவருடைய விரல் தையலுக்குள் நுழைந்தது.

நடுவில் நான்

வாப்பா தொப்பியைச் சரிசெய்தபடி வந்தார்.

“எனத்த மகன்? எல்லாரும் மையத்து எடுக்கிற வீட்டுல ஈக்கிற மாதிரி ஈக்கிறாங்க?”

“வாப்பா, நீங்க புடவய வெட்டலயா?” எங்கள் பேச்சில் துணிதான் புடவை.

“வெட்டினேனே. நடுவுல ஒரு வெட்டு. அகலம் பத்தாது, அதுக்கு.”

“மத்தக் கோடெல்லாம்?”

வாப்பாவின் முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. “மடிப்பு” என்றார். “மடிச்சி மேலால ஒரு தையல், கீழால ஒரு தையல். பாத்தாத் தெரியுதா? ஒம்பது பாத்தி, குறுக்கு வரப்பு, எல்லாம் ஈக்கிது. கண்டிப் பட்டணத்துல ஒருத்தனுக்கு ஏலா இது.”

மெய்தான். அவ்வளவு அழகான வேலையை நான் அவர் கையில் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அது எவருக்கும் உதவாத வேலை.

“வெட்டணும் எண்டு செல்லினேனே வாப்பா!”

“செல்லினாய். நல்ல புடவய சும்மா வெட்டுறது ஹராம் இல்லாட்டியும் ஹராமுக்குப் பக்கத்து வீடு. பொம்பள பாவம், எவ்வளவு ஆசையா எடுத்த புடவ. வெட்டாமலே வயல் காட்டலாம் எண்டா எனத்துக்கு வெட்டணும்?”

இங்கே ஒன்று சொல்லவேண்டும். வாப்பாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. சின்ன ஹாமுதுரு கட்டுகஸ்தோட்டைக் கடைத்தெருவில் வளர்ந்தவர். தமிழ் அவருக்கு நன்றாக விளங்கும். ஆனால் சீவரம் போட்டவரோடு நேருக்கு நேர் வாக்குவாதம் செய்வது மரியாதை இல்லை என்பது வாப்பாவின் எண்ணம். வயதில் மூத்தவரோடு வாக்குவாதம் செய்யக்கூடாது என்பது ஹாமுதுருவின் எண்ணம். ஆகவே இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள்.

“வெட்டாதது கட்டின ஆகாது என்று வாப்பாவிடம் சொல்லுங்கள்.”

நான் வாயெடுக்குமுன் வாப்பா, “விளங்கிச்சி. ஏன் ஆகாது எண்டு கேளு.”

“புத்தர் வெட்டச் சொல்லியிருக்கிறார் என்று சொல்லுங்கள்.”

“வயல் மாதிரி ஈக்கணும் எண்டுதானே செல்லியீக்கி? வயல் மாதிரி ஈக்கிதா இல்லியா? அதக் கேளு.”

“மாதிரி இருக்கிறது. வயல் இல்லை. சொல்லுங்கள்.”

“சரி, புடவைல எங்க வயல் வரும்? கேளு!”

என் தலை இப்படியும் அப்படியும் திரும்பிக் கழுத்து வலித்தது. மேற்கே மலைக்குப் பின்னால் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஐப்பசியில் எங்கள் பக்கத்து மழை மூன்று மணிக்குக் கந்தோர் உத்தியோகத்தர் மாதிரி வந்துவிடும்.

மெனிக்கே அகப்பையைக் கையில் பிடித்தபடி விறாந்தைக்கு வந்தார். அகப்பையிலிருந்து மஞ்சள் சொட்டியது. “என்ன புத்தே?” என்றார். மகனே என்பதைச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

அவர் சீவரத்தைத் தொட்டுப் பார்த்தார். அந்த வயதிலும் விரலுக்குத் தெரிந்துவிட்டது. அழவில்லை, சத்தம் போடவில்லை. விறாந்தைப் படியில் மெல்ல உட்கார்ந்து அகப்பையை மடியில் வைத்துக்கொண்டார். வெள்ளைச் சேலையில் மஞ்சள் கறை பரவியது. அதைத் துடைக்கவும் இல்லை.

“நானா என்மேல் இரக்கப்பட்டு இப்படிச் செய்தாரா?” என்று என்னிடம் கேட்டார். “இரக்கப்பட வேண்டாம் என்று சொல்லு, புத்தே. இன்றைக்கு மட்டும் வேண்டாம்.”

வாப்பா காதில் அது விழுந்தது. அவர் முகம் மாறியது. ஆனால் கை கத்தரிக்கோல் பக்கம் போகவில்லை. நான் அப்போதாவது சும்மா இருந்திருக்கலாம். இல்லை. “வாப்பா, இதுதான் பற்று. இந்தத் துணி நித்தியம் என்று நாம்...” என்று தொடங்கினேன்.

“மகன், வாய மூடு!” என்றார் வாப்பா.

“மாஸ்டர், வாயை மூடுங்கள்!” என்றார் சின்ன ஹாமுதுரு, அதே நேரத்தில், தமிழில்.

இரண்டு பேரும் முதல் தடவையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சுவரில் ஒரு நூல்

வாப்பா நேரடியாகக் கேட்டார். சிங்களத்தில், தாழ்ந்த குரலில். “ஹாமுதுரு, ஒரு தையற்காரனாகக் கேட்கிறேன். துண்டு போட்ட துணி முழுத்துணி அளவுக்கு உழைக்காது. கிழிந்துபோகும். பிறகு எங்கே வீசுவீர்கள்?”

சின்ன ஹாமுதுருவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. “வீசுவதா?” என்றார்.

“கிழிந்த பிறகு.”

“கிழிந்த துண்டை மட்டும் எடுத்துவிட்டு வேறு துண்டு வைப்போம். அதற்குத்தானே துண்டு?”

“அதுவும் பழசாகி, எல்லாமே போனால்?”

“படுக்கைக்கு விரிப்போம். விரிப்பும் நைந்தால் கால் துடைக்க வைப்போம். அதுவும் போனால் தரை துடைப்போம்.” பிறகு என்ன என்பது போல் வாப்பா பார்த்தார். “பிறகு இழை இழையாகப் பிரித்து, களிமண்ணில் குழைத்துச் சுவர் பூசுவோம். நீங்கள் சாய்ந்திருக்கிறீர்களே, அந்தச் சுவர்தான்.”

வாப்பா திரும்பினார். மெஷினுக்குப் பின்னால் பூச்சு ஓரிடத்தில் பெயர்ந்திருந்தது. நகத்தால் கிள்ளினார். மண்ணோடு ஒரு நூல் வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்தார். விரலில் உருட்டினார். பல்லில் வைத்துக் கடித்து இழுத்தார். கடையில் நூல் சோதிக்கிறபடியே.

“கைராட்டினத்து நூல்” என்றார். “எங்கட உப்பா காலத்துப் புடவ.” உப்பா என்றால் பாட்டனார்.

என்னைப் பார்த்தார். “ஒண்ணையும் வீசுறதில்லையாம், மகன். இத எனத்துக்கு எனக்குச் செல்லல?”

எனக்கு அது தெரியும். புத்தகத்தில் படித்திருந்தேன், கொப்பியின் ஓரத்தில் எழுதியும் வைத்திருந்தேன். பக்கத்தில் என் கையாலேயே “முக்கியமில்லை” என்று போட்டிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

வாப்பா கத்தரிக்கோலை எடுத்தார். உடனே மூளை வேலை செய்தது. “மடிப்பு ஓரத்த மட்டும் கீறிவிட்டாப் போதும். தையல் தையலா ஈக்கும், துண்டு துண்டாயிடும். கால் மணி நேர வேல.”

“கூடாது” என்றார் சின்ன ஹாமுதுரு. “வெட்டிய பிறகு தைக்கவேண்டும். தைத்த பிறகு வெட்டக்கூடாது.”

“யா அல்லாஹ்!” என்றார் வாப்பா. நானும் மனதுக்குள் அதையேதான் சொன்னேன்.

அவர் மேலும் ஏதோ சொல்லுமுன், மூலையில் இருந்த பெரிய ஹாமுதுரு சீவரத்தின் ஒரு முனையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். ஊசியை எடுத்தார். கண் தெரியாமல், விரலால் தடவித் தடவி, முதல் தையலை அவிழ்க்கத் தொடங்கினார். அதன் பிறகு வாக்குவாதம் செய்ய யாருக்கு வாய் வரும்?

மழைக்கு முன்னும் பின்னும்

எட்டுப் பொருளில் ஊசியும் ஒன்று என்று எழுதினேன் அல்லவா? அன்று ஐந்து ஊசிகள் வெளியே வந்தன. அவிழ்த்தார்கள். வாப்பா வெட்டினார். முதல் வெட்டுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். அதை நான் பார்த்தேன். பிறகு சரசரவென்று போனது. குறுக்கு வரப்புகளைப் பிக்குகள் கையால் பிடித்துக் கொடுக்க, நெடுக்கு வரப்புகளை மெஷின் தைத்தது. வாப்பா அவர்களை வேலைக்காரர்களை விரட்டுகிற மாதிரி விரட்டினார். “ஹாமுதுரு, தையல் நேராப் போகட்டும், நேரா! இதெல்லாம் எனத்துல சேர்த்தி?” பக்கத்து விகாரையிலிருந்து வந்த பருத்த பிக்கு ஒருவர் சிரித்துச் சிரித்து விரலைக் குத்திக்கொண்டார். நான் நூல் கோத்துக் கொடுத்தேன். அதிலும் இரண்டு தடவை ஏச்சு வாங்கினேன்.

சாயத்தில் தோய்த்து எடுத்தபோது மழை அடித்தது. முற்றத்தில் கட்டிய கொடி வீணாயிற்று. மண்டபத்துக்குள் நாலு பேர் நாலு முனையைப் பிடித்து வீசினார்கள். ஈரம் போகவில்லை. வாப்பா இஸ்திரிப் பெட்டியில் தேங்காய்ச் சிரட்டைக் கரியைப் போட்டு ஊதி, நனைந்த சீவரத்தின் மேல் தேய்க்க ஆரம்பித்தார். ஆவி புகை மாதிரி எழுந்தது. பலாக்கட்டை மணமும் கரி மணமும் மண்டபம் முழுக்க. பாத்தி பாத்தியாகத் தேய்த்தார். வெளியே மழை விட்டது. அவருடைய முகத்திலிருந்து வேர்வை விடவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் சீவரத்தைத் தட்டிலே வைத்தார்கள். சின்ன ஹாமுதுரு ஒவ்வொரு தையலையும் விரலால் நெருடிப் பார்த்தார். எந்த இடத்திலும் விரல் உள்ளே போகவில்லை. தலையசைத்தார்.

பிறகு ஒரு குச்சியைக் கறுப்பு மையில் தோய்த்து, புத்தம் புதிய சீவரத்தின் மூலையில் ஒரு பொட்டு வைத்தார்.

“அடே! அடே!” என்று வாப்பா பாய்ந்தார். பெருவிரலை எச்சிலில் நனைத்துக்கொண்டே பாய்ந்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். புதுத்துணியின் அழகைக் கெடுக்காமல் பிக்கு உடுத்தக்கூடாது. அதற்காகத்தான் அந்தப் பொட்டு. அது தெரிந்தவன் அவருக்குப் பக்கத்தில் நான் ஒருவன்தான்.

“இதுக்கும் ஒரு வெளக்கம் ஈக்கிதா?” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

“ஈக்கிது வாப்பா.”

“செல்லாத.”

பிக்குகள் ஓதத் தொடங்கினார்கள். மெனிக்கே கும்பிட்டபடி தரையில் இருந்தார். ஓதுவது பாளி மொழி. அவருக்கு எந்த இடத்தில் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாது. ஒவ்வொரு முறை குரல் தாழும்போதும் அவர் தலை தூக்கி என்னைப் பார்த்தார். நான் இன்னும் இல்லை என்று தலையை ஆட்டினேன். கடைசியில் பெரிய ஹாமுதுரு சீவரத்தின் மேல் கையை வைத்து, மங்கிய குரலில் ஒரு வரி சொன்னார். மற்றவர்கள் அதை ஏற்றுத் திருப்பிச் சொன்னார்கள். வெளியே ஒருவன் மேளத்தைத் தட்டினான்.

“ஆயிற்றா, புத்தே?” என்றார் மெனிக்கே. “அவனுக்குப் போய்ச் சேருமா?”

புண்ணியம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்ச் சேருவது பற்றிக் கொப்பியில் நாலு பக்கம் எழுதியிருந்தேன். இரண்டு பக்கம் சேரும் என்று, இரண்டு பக்கம் சந்தேகம் என்று. வாப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய விரலெல்லாம் மஞ்சளாகி, இஸ்திரிச் சூட்டில் சிவந்து போயிருந்தது.

“ஆயிற்று, அம்மா” என்றேன். “போய்ச் சேர்ந்துவிட்டது.”